சாப்பாட்டு அதிகாரிக்கு அத்தனை நிலம் எப்படி? முதல் ஸ்டூவர்ட், வால்டர் ஃபிட்ஸ் ஆலன்

3 பிப்ரவரி, கேள்வி

ஸ்காட்லாந்தை ஆண்ட ஸ்டூவர்ட் வம்சத்துக்கு மூலவர் வால்டர் ஃபிட்ஸ் ஆலன் (இறப்பு 1177). வேலை, அரசன் வீட்டில் 'ஸ்டூவர்டு'. அதாவது சாப்பாடு, பந்தி, சமையற்கட்டு மேற்பார்வை. இப்படிப்பட்டவருக்கு ரென்ஃப்ரூ, பெய்ஸ்லி என்று ஒரு சீமையே எப்படிக் கிடைத்தது? 1164 ரென்ஃப்ரூ போரில், மேற்குத் தீவுகளை ஆண்ட சோமர்லெட்டைக் கொன்றதற்கு அரசன் கொடுத்த பரிசு என்று ஓரிடத்தில் படித்தேன். சரிதானா?

3 பிப்ரவரி, இரவு

சரியில்லை. ஆண்டு வரிசையைப் பார்த்தாலே போதும். நிலத்தை உறுதிசெய்து ஸ்காட்லாந்து அரசன் நான்காம் மால்கம் கொடுத்த பட்டயம் 1161-62ஐச் சேர்ந்தது. போர் நடந்தது 1164. பரிசு முதலில் வந்து போர் பிறகு வருமா?

அந்தப் பட்டயமே 'என் பாட்டனார் டேவிட் கொடுத்தது' என்று சொல்லித்தான் தொடங்குகிறது. முதலாம் டேவிட் இறந்தது 24 மே 1153. ஆக நிலம் வால்டர் கைக்கு வந்தபோது சோமர்லெட் உயிரோடு, நல்ல பலத்தோடு இருந்தார்.

4 பிப்ரவரி

'அப்படியானால் எதற்காகக் கொடுத்தார்கள்' என்று கேட்டிருக்கிறார்கள். பட்டயத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்கு வரலாம். மூன்று உருப்படிகள்.

முதலாவது, நிலம். ரென்ஃப்ரூ, பெய்ஸ்லி (பட்டயத்தில் 'பஸ்ஸெலெத்'), பொல்லாக், கத்கார்ட், ஈகிள்ஷம், லாக்வினாக் எல்லாம் மேற்கே கிளைடு ஆற்றுப் பக்கம். இன்னர்விக் மட்டும் கிழக்குக் கடற்கரையில், லோதியனில். வரைபடத்தில் குறித்துப் பாருங்கள், ஒட்டாமல் தனியாக நிற்கும். அந்தக் காலத்தில் பெரிய குடும்பங்களுக்கு இப்படித்தான் நிலம் வாய்த்தது, ஒரே துண்டாக அல்ல.

இரண்டாவது, பதவி. அரசனின் ஸ்டூவர்டு வேலை வால்டருக்கும் அவர் வாரிசுகளுக்கும் பரம்பரை உரிமை.

மூன்றாவதைத்தான் எல்லோரும் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள். அரசனுக்குச் சொந்தமான ஒவ்வொரு நகரத்திலும், அரசன் தங்கும் ஒவ்வொரு இருப்பிடத்திலும் வால்டர் தங்க ஒரு முழு மனை, ஒவ்வொரு மனையோடும் 20 ஏக்கர்.

இவ்வளவுக்கும் ஈடாக ஐந்து நைட்டுகளின் (கவசமணிந்த குதிரை வீரர்கள்) படைச் சேவை. பெர்விக்ஷயரில் பிர்க்கன்சைடும் லெகர்வுட்டும் தனிப் பட்டயம். அதற்குத் தனியாக ஒரு நைட்.

4 பிப்ரவரி, பிற்சேர்க்கை

ஐந்து நைட் என்றதும் 'ஐந்தே ஐந்து பேரா' என்று சிரித்தவருக்கு: அது அரசன் கூப்பிட்டால் அனுப்பியாக வேண்டிய கணக்கு. வால்டரிடம் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கு அல்ல. ஒவ்வொரு நைட்டுக்கும் குதிரைகள், இரும்புக் கவசம், உடன்வரும் ஆட்கள் உண்டு. இந்தச் செலவைத் தாங்கத்தான் வால்டர் தன் நிலத்தைத் துண்டு போட்டு, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரிலிருந்து தன்னோடு வந்தவர்களுக்குக் கீழ்க்குத்தகைபோலக் கொடுத்தார். வாலஸ் குடும்பத்தின் வேரும் இங்கேதான். 'வாலென்ஸிஸ்' என்றால் வேல்ஸ்காரன். ஏர்ஷயரில் ஸ்டூவர்டுகளின் கீழ் நிலம் வைத்திருந்த ரிச்சர்ட் வாலென்ஸிஸின் பெயர் ரிக்கார்ட்டன் என்ற ஊரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

6 பிப்ரவரி

இப்போது 'எதற்காக'. அந்த மூன்றாவது உருப்படியில்தான் விடை இருப்பதாக எனக்குப் படுகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து அரசனுக்கு ஒரே தலைநகரம் கிடையாது. வரியில் பெரும்பங்கு காசாக வராது. தானியம், மாடு, பன்றி, பாலாடைக்கட்டி என்று பொருளாக வந்து அந்தந்த ஊர்ப் பண்டசாலையில் சேரும். அதைக் காசாக்கித் தலைநகருக்கு இழுத்துப் போவதைவிட, அரசன் பரிவாரத்தோடு அங்கே போய் உட்கார்ந்து தின்று தீர்ப்பது சுலபம். தீர்ந்ததும் அடுத்த ஊர்.

தானியத்தை அளந்த வாய்பாடு இது: 4 பெக் ஒரு ஃபிர்லாட், 4 ஃபிர்லாட் ஒரு போல், 16 போல் ஒரு சால்டர். ஆக ஒரு சால்டருக்கு 256 பெக். அரசன் வருவதற்கு முன்பே ஒருவர் போய், எத்தனை சால்டர் இருக்கிறது, எத்தனை நாள் தாங்கும், மாவரைக்க ஆலை ஓடுகிறதா, விறகு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கணக்குப் பிசகினால் இரண்டே நாளில் பரிவாரம் பட்டினி. அதற்குள் அடுத்த ஊருக்கு ஆள் போயிருக்காது.

இந்த வேலைக்காரர் முன்கூட்டியே போய்த் தங்க வீடு வேண்டும், குதிரைக்குத் தீனி வேண்டும். அதற்குத்தான் ஊருக்கு ஒரு மனையும் 20 ஏக்கரும். பந்தியில் தட்டு எடுத்துக் கொடுப்பவருக்கு ஊர் ஊராக மனை எதற்கு?

6 பிப்ரவரி, கொஞ்சம் கழித்து

மேலே சொன்னதில் ஒன்றை இறுக்கிச் சொல்லிவிட்டேன். மனையை ஏன் கொடுத்தான் என்று பட்டயம் காரணம் சொல்லவில்லை, 'அவர் தங்குவதற்கு' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. முன்னால் போய்ப் பண்டசாலை பார்ப்பது என்பது என் ஊகம். ஊகம் வலுவானது என்றுதான் இன்னும் நினைக்கிறேன், ஆனால் ஊகம்தான்.

7 பிப்ரவரி

> 'ஸ்டூவர்டு' என்றால் பன்றிப்பட்டி காவலன் என்று பொருளாமே?

வேண்டாம், இது ஒழியாத வதந்தி. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டிக்' என்றால் வீடு, கூடம். 'வெயர்ட்' என்றால் காவலன். கூடத்துக்குக் காவலன், அவ்வளவுதான். பன்றிப்பட்டிக்கும் ஒலியில் நெருங்கிய சொல் இருந்ததால் யாரோ விளையாட்டாகக் கிளப்பிவிட்டது.

வால்டர் காலத்துப் பட்டயங்களில் அந்த ஆங்கிலச் சொல் வருவதும் இல்லை. லத்தீனில் 'டாபிஃபெர்' என்று வரும், விருந்து சுமந்து வருபவன் என்று அர்த்தம். சில இடங்களில் 'செனெஸ்கல்லுஸ்'. பெயரில் சாப்பாடு இருக்கிறது, வேலையில் நிர்வாகம் இருக்கிறது. பதவிப்பெயர்கள் பழசாகிப் போனால் இப்படித்தான். மார்ஷல் என்றால் ஆதியில் குதிரை பார்ப்பவன், இப்போது அவர் விமானப்படையில் இருக்கிறார்.

7 பிப்ரவரி, தமிழில் எப்படி எழுதுவது

ஒருவர் 'மடைப்பள்ளி மணியம்' என்றார். ரசித்தேன். ஆனால் படிப்பவர் மனசில் புளியோதரைதான் வரும். 'திவான்' தப்பு, ஏனென்றால் கருவூலம் இவர் கையில் இல்லை, அதை சேம்பர்லின் என்ற வேறு அதிகாரி பார்த்தார். 'காரியஸ்தர்' நெருங்கி வருகிறது, ஜமீன் வாடையும் பொருத்தம். நான் 'அரண்மனைக் காரியஸ்தர்' என்று ஒருமுறை எழுதிவிட்டு அப்புறம் ஸ்டூவர்டு என்றே போவேன். பதவிக்கு 'ஸ்டூவர்டு', குடும்பப்பெயருக்கு 'ஸ்டூவர்ட்' என்று பிரித்து எழுதினால் குழப்பம் குறையும்.

9 பிப்ரவரி

'1157 என்று பல இடத்தில் இருக்கிறதே, நீங்கள் 1161-62 என்கிறீர்களே.' இரண்டையும் பார்க்கலாம். பழைய நூல்களில் 1157 இருக்கும். மால்கமின் ஆவணங்களை ஒழுங்காகத் தொகுத்துப் பதிப்பித்த ஜி.டபிள்யூ.எஸ். பாரோவுக்குப் பிறகு 1161-62தான் வழக்கம்.

பொதுவாக இந்தக் காலத்துப் பட்டயங்களில் ஆண்டே இராது. காலம் கணிக்கும் முறை இது. கடைசியில் உள்ள சாட்சிப் பெயர்களை எல்லாம் எடுங்கள். ஆயர், மடத் தலைவர், சான்சலர் என்று பதவியோடு வருபவர்களை முதலில் பிரியுங்கள், அவர்கள் எப்போது பதவிக்கு வந்தார்கள், எப்போது இறந்தார்கள் என்பது வேறு பதிவுகளில் கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டு, எல்லாக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடைவெளியைப் பிடியுங்கள். பட்டயத்தின் காலம் அதற்குள்தான்.

ஆட்சியாண்டு எழுதியிருந்தால் இன்னும் எளிது, ஆனால் ஏமாறவும் எளிது. மால்கம் அரியணை ஏறியது 24 மே 1153. ஜூன் 24 என்ற நாளுக்கு ஐந்தாம் ஆட்சியாண்டு என்றால் 1157, ஒன்பதாம் ஆட்சியாண்டு என்றால் 1161. ரோமன் எண்ணில் நகலெடுப்பவன் ஒரு கோட்டை விட்டால் நாலைந்து வருஷம் நகர்ந்துவிடும். சாட்சிக் கோடுகளோடு ஒத்துப்போகாத ஆட்சியாண்டை நம்பக் கூடாது.

எந்த ஆண்டை எடுத்தாலும் 1164க்கு முந்தியதுதான், கேள்விக்கான பதில் மாறாது.

10 பிப்ரவரி, எல்லோரும் விழும் குழி

'ஆலன் மகன் வால்டர்' இரண்டு பேர்!

முதலாமவர் நம் வால்டர், 1177இல் இறந்தவர். அவர் மகன் ஆலன், இறப்பு 1204. அந்த ஆலனுக்கு மகன் மறுபடி வால்டர், இறப்பு 1241. பட்டயத்தில் இருவருமே 'வால்டெருஸ் ஃபிலியுஸ் ஆலனி', இருவருமே 'அரசனின் டாபிஃபெர்'. இணையத்தில் உலவும் வம்சாவளிகளில் பாதி, பேரன் செய்த கொடையைத் தாத்தா கணக்கில் எழுதி வைத்திருக்கின்றன.

பிரிக்க வழி: அரசன் டேவிட் அல்லது மால்கம் என்றால் தாத்தா. இரண்டாம் அலெக்ஸாண்டர் என்றால் பேரன். சிங்க வில்லியம் என்றால் நின்று பாருங்கள். அவர் 1165 முதல் 1214 வரை ஆண்டவர், இரண்டு வால்டரும் அவர் காலத்தில் வருகிறார்கள். அங்கே மனைவி பெயர் உதவும்: தாத்தாவின் மனைவி எஷினா, மோலே ஊர்க்காரி. எதுவுமே இல்லையென்றால் பழைய சாட்சிப் பட்டியல்தான் கதி.

10 பிப்ரவரி, தொடர்ச்சி

இதே வகைச் சிக்கல் நார்வே சாகாவிலும் (பழைய வரலாற்றுக் கதை) உண்டு. 1230இல் நார்வே படை பியூட் தீவில் ராத்ஸே கோட்டையை முற்றுகையிட்டது. கல் மெதுவானது என்பதால் சுவரைக் கோடரியால் வெட்டிக் குடைந்தார்கள், மேலேயிருந்து கொதிக்கும் தாரை ஊற்றினார்கள். மதில்மேல் ஏறிய 'ஸ்டூவர்டு' அம்பு பட்டுச் செத்தார் என்று சாகா சொல்கிறது. ஆனால் அப்போதைய ஸ்டூவர்டு 1241 வரை இருந்தார். அப்படியானால் செத்தவர் கோட்டையைப் பார்த்துக்கொண்ட வேறு யாரோ. பதவிப்பெயரை ஆள்பெயராக எடுத்துக்கொண்டால் இப்படிச் செத்தவர் எழுந்து வருவார்.

13 பிப்ரவரி, சோமர்லெட் விஷயம்

இன்னும் 'வால்டர்தானே படை நடத்தினார்' என்கிறார்கள். என்ன ஆதாரம் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

மான் தீவுக் குறிப்பேடு: சோமர்லெட் 160 கப்பல்களோடு ரென்ஃப்ரூவில் இறங்கினார், கொல்லப்பட்டார். அங்கே வால்டர் இல்லை. போரை நேரில் பார்த்ததாகச் சொல்லும் வில்லியம் என்ற பாதிரியின் லத்தீன் பாட்டு: ஈட்டியால் அடிபட்டு, வாளால் வெட்டுண்டு விழுந்தார், ஒரு பாதிரி தலையை வெட்டி ஆயர் ஹெர்பர்ட் கையில் கொடுத்தார். வெற்றிக்குக் காரணம் கிளாஸ்கோவின் புனிதர் கெண்டிகர்ன். அங்கேயும் வால்டர் இல்லை. பாதிரி எழுதிய பாட்டு, புனிதருக்குத்தான் பெருமை போகும் என்பது சரி. ஆனாலும் பெயர் இல்லை என்பது இல்லைதான்.

'அவர் நிலத்தில் நடந்த சண்டை, அவர் இல்லாமலா' என்ற வாதத்தை ஒதுக்கமாட்டேன். ரென்ஃப்ரூ அவர் வீட்டு வாசல். அவர் ஆட்கள் நின்றிருப்பார்கள் என்று நினைப்பதில் தப்பில்லை. 'வால்டர் தலைமையில்' என்று எழுதும்போதுதான் எல்லை தாண்டுகிறோம்.

மேற்கே அவருக்கு நிலம் கொடுத்ததே இந்தக் கடல்வழித் தாக்குதலைத் தடுக்க என்ற கருத்தும் உண்டு. வரைபடத்தைப் பார்த்தால் நம்பலாம்போல் இருக்கிறது. அப்படியென்றால் சோமர்லெட் வந்தது வால்டர் நிலம் பெற்றதன் விளைவாகக்கூட இருக்கலாம். கேள்வி கேட்டவர் படித்தது அப்படியே தலைகீழாகிறது.

14 பிப்ரவரி

ஆள் எங்கிருந்து வந்தார்? பிரான்ஸின் வடமேற்கில் உள்ள பிரித்தானி, அங்கே டோல் என்ற ஊர். அந்த ஊர்ப் பேராயரிடம் இந்தக் குடும்பம் தலைமுறையாக டாபிஃபெர் வேலை பார்த்தது. வால்டரின் அப்பா ஆலன் ஃபிட்ஸ் ஃப்ளாட், இங்கிலாந்து அரசன் முதலாம் ஹென்றியோடு வந்து ஷ்ராப்ஷயரில் ஆஸ்வெஸ்ட்ரியைப் பெற்றார். மகன்களில் ஜோர்டனுக்கு டோல் பக்கச் சொத்து, வில்லியமுக்கு ஷ்ராப்ஷயர் (அருண்டேல் பிரபுக்கள் இவர் வழி). வால்டருக்கு மிஞ்சியது சொற்பம். 1138இல் வில்லியம், இங்கிலாந்து அரியணைக்கு உரிமை கோரிய பேரரசி மட்டில்டா பக்கம் நின்று ஷ்ரூஸ்பரி கோட்டையை அரசன் ஸ்டீபனுக்கு எதிராகப் பிடித்து வைத்து, தோற்றார். மட்டில்டாவின் மாமன் டேவிட் ஸ்காட்லாந்து அரசன். சொத்து குறைந்த தம்பிக்கு வடக்கே போகக் காரணம் வேறு வேண்டுமா?

பரம்பரைத் தொழில் தெரிந்த குடும்பம் என்பதைக் கவனியுங்கள். டேவிட் வெறும் போர்வீரனை வாங்கவில்லை.

14 பிப்ரவரி, பாங்கோ கேட்டவருக்கு

இல்லை. மக்பெத் நாடகத்தில் வரும் பாங்கோவும் அவன் மகன் ஃப்ளீன்ஸும் ஸ்டூவர்ட் முன்னோர் என்பது 1527இல் ஹெக்டர் போயிஸ் எழுதிய வரலாற்றில் முளைத்தது. அங்கிருந்து ஹோலின்ஷெட், அங்கிருந்து ஷேக்ஸ்பியர். அதற்கு முன்னால் அப்படி ஒருவன் எந்தப் பதிவிலும் இல்லை. டோல் ஊர் வேரை 1901இல் ஹொரேஸ் ரவுண்ட் ஆவணம் வைத்து நிறுவிய பிறகு பாங்கோ மேடையோடு சரி.

17 பிப்ரவரி, பெய்ஸ்லி

வால்டர் ஷ்ராப்ஷயரை மறக்கவில்லை என்பதற்கு நல்ல அத்தாட்சி பெய்ஸ்லி மடம். 1163ஐ ஒட்டி ஃபாதரிங்கேயில் வைத்து அறக்கட்டளைப் பட்டயம் எழுதினார். ஷ்ராப்ஷயரின் வென்லாக் மடத்திலிருந்து 13 குளூனி மரபுத் துறவிகள் வந்தார்கள். முதலில் ரென்ஃப்ரூவில் இருந்துவிட்டு 1169ஐ ஒட்டி பெய்ஸ்லிக்கு மாறினார்கள்.

மடத்தின் காவல் புனிதர்கள் நால்வர்: மேரி, ஜேம்ஸ், மிரின், மில்பர்கா. மிரின் பெய்ஸ்லி உள்ளூர்ப் புனிதர். மில்பர்கா வென்லாக்கின் புனிதை, ஸ்காட்லாந்துக்கும் அவளுக்கும் வேறு ஒட்டுறவு கிடையாது. எங்கிருந்து வந்தார்கள் என்று அந்த ஒரு பெயரே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இது ஆரம்பத்தில் தலைமைத் துறவி மட்டும் உள்ள சிறு மடம். 1219இல் போப் மூன்றாம் ஹொனோரியஸ் அனுமதி கொடுத்தும், ஆபட் (மடாதிபதி) தலைமையிலான முழு மடமாக, அதாவது ஆபியாக, நடைமுறைக்கு வர 1245 ஆயிற்று. ஆகவே 'வால்டர் பெய்ஸ்லி ஆபியைக் கட்டினார்' என்று எழுதாதீர்கள். இன்று நிற்கும் கட்டடமும் அவருடையது அல்ல, 1307இல் ஆங்கிலேயர் எரித்ததற்குப் பின் எழுந்ததே பெரும்பாலும்.

1177இல் வால்டர் இறந்ததை மெல்ரோஸ் மடத்துக் குறிப்பேடு 'அரசனின் டாபிஃபெர், நம் நெருங்கியவர்' என்று பதிகிறது. போர்வெற்றி பற்றி ஒரு வார்த்தை இல்லை. 13ஆம் தேதி எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள்.

21 பிப்ரவரி, திசைமாறிப் போனாலும்

ஆறாம் ஸ்டூவர்டு, இன்னொரு வால்டர் (இறப்பு 9 ஏப்ரல் 1327) பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்து அரசன் ராபர்ட் புரூஸின் மகள் மார்ஜரியை 1315இல் மணந்தவர். அவர்கள் பிள்ளைதான் 1371இல் இரண்டாம் ராபர்ட் என்று அரசனானவர்.

1314இல் ஆங்கிலேயரோடு நடந்த பானக்பர்ன் போரில் இவர் ஒரு படைப்பிரிவை நடத்தினார் என்கிறார், புரூஸைப் பற்றிக் காவியம் எழுதிய பார்பர். நான்கு பிரிவு என்பது அவர் கணக்கு. மற்ற மூலங்களில் மூன்றுதான். கூடுதலாக நிற்கும் பிரிவு யாருடையது? வால்டருடையதும் டக்ளஸுடையதும். வால்டருக்கு மீசை முளைக்காத வயது என்று பார்பரே சொல்கிறார். பார்பர் எழுதியது 1375 வாக்கில், வால்டரின் மகன் அரசனாக இருக்கும்போது. 1377இல் அரசனிடம் 10 பவுண்டு வாங்கியும் இருக்கிறார். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் 1319இல் ஆங்கிலேயர் பெர்விக்கை முற்றுகையிட்டபோது வால்டர் அந்த நகரைக் காத்ததை அப்படித் தள்ள முடியாது. மதில் குட்டை, வெளியே நிற்பவன் ஈட்டியால் மேலே நிற்பவன் முகத்தைக் குத்தலாம் என்கிறார் பார்பர். ஆங்கிலேயர் ஒரு கப்பலில் பாலம் கட்டி மதில்மேல் சாய்க்க வந்தார்கள். நீர் வற்றும் நேரத்தில் தரைதட்டியது, ஸ்காட்டுகள் எரித்தார்கள். அடுத்த தாக்குதலில் 'பன்றி' என்ற கூரைபோட்ட வண்டியை மதில் அடிக்குத் தள்ளினார்கள். ஸ்காட்டுகளின் கல்லெறி யந்திரம் மூன்றாவது வீச்சில் அதன் உத்தரத்தை முறித்தது. உள்ளே இருந்தவர்கள் சிதறி ஓட, மதில்மேல் நின்றவர்கள் 'பன்றி குட்டி போட்டது' என்று கத்தினார்கள். பெண்களும் பிள்ளைகளும் விழுந்த அம்புகளைப் பொறுக்கிக் கொடுத்தார்கள்.

வால்டர் 100 பேரோடு மதிலைச் சுற்றினார். ஆள் குறைந்த இடத்தில் எல்லாம் சிலரை விட்டுவிட்டே வந்ததில், சுற்றி முடித்தபோது கூட ஒரே ஒருவன்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்து மேரி வாசலில் பாலம் எரிகிறது. தாக்குதல் இல்லாத கோட்டையிலிருந்து ஆளை இறக்கி, கதவைத் திறந்து வெளியே போய்ச் சண்டை போட்டார்.

21 பிப்ரவரி, இரவு

மேலே எழுதியது எனக்கே முரணாகப் படுகிறது. பானக்பர்னில் பார்பரை நம்பாதே, பெர்விக்கில் நம்பு என்றால் எப்படி? வித்தியாசம் இதுதான்: முற்றுகை தோற்றது, ஆங்கிலப்படை திரும்பியது என்பதற்கு ஆங்கிலேயர் பதிவே சாட்சி. நூறு பேர் ஒருவரானது மட்டும் பார்பர் வாய்மொழி. அதை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. எனக்கு அதில் ஒரு நடைமுறை உண்மை தெரிகிறது: குட்டை மதில், கூடுதல் நீளம், இருக்கிற ஆளைப் பங்கிடும் தலைவலி. புகழ்ந்தே தீரவேண்டும் என்று எழுதுபவன் ஆள் தீர்ந்துபோனதையா சொல்வான்?

25 பிப்ரவரி

'இன்று அந்தப் பதவி யாரிடம்?' இரண்டாம் ராபர்ட் அரியணை ஏறியதோடு ஸ்டூவர்டு பதவி அரச குடும்பத்துக்குள் போய்விட்டது. 1469 சட்டம் ராத்ஸே, ரென்ஃப்ரூ முதலியவற்றை அரசனின் மூத்த மகனோடு சேர்த்துக் கட்டியது. இப்போது இளவரசர் வில்லியம். ஊருக்கு ஒரு மனையும் 20 ஏக்கரும் அவருக்கு உண்டா என்று கேட்காதீர்கள்.

26 பிப்ரவரி, திருத்தம்

4ஆம் தேதி குறிப்பில் 'கீழ்க்குத்தகைபோல' என்று எழுதியது சரியில்லை. குத்தகை என்றால் காசோ நெல்லோ கொடுத்துத் தவணைக்கு எடுப்பது. இவர்கள் படைச் சேவைக்குப் பரம்பரையாக நிலம் வைத்திருந்தவர்கள். 'மானியம்' என்று மாற்றிப் படிக்கவும்.